பேருந்தில் போன பதின்மூன்று கிலோமீட்டர்

தேவகோட்டையிலிருந்து திருப்பத்தூர் வரை
நாற்பத்தொரு கிலோமீட்டர்.
ஆவணி மூன்றாம் சனி, அதிகாலை மூன்றரை,
பள்ளி வாசலில் பதினொரு பேர்.
நான் எழுத்தர்.
வருகைப் பதிவேட்டைக் கையோடு எடுத்து வந்திருந்தேன்.
பழக்கம்.

காயம்பட்ட படைவீரர் நிதிக்கு
ஒருவர் நடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும்
இத்தனை ரூபாய் தருகிறேன் என்று
கடைக்காரர்கள், பெற்றோர், மாவுமில் முதலாளி
எழுதிக் கொடுத்த நோட்டு என் பையில்.
உமையாள் டீச்சர் பெயருக்கு நேரே
கிலோமீட்டருக்கு அறுபத்திரண்டு.
கணக்கு டீச்சர் என்பதால் பயந்து எழுதியவர்கள் பாதி.

யாருக்காக என்று எங்களுக்குள் பேசிக்கொள்ளவில்லை.
வேதியியல் ஆய்வகத்தில் சேவுகமூர்த்தி
நான்கு வருடமாகக் குடுவை கழுவுகிறார்.
சிமெண்டுத் தரையில் ஒரு கால் ஒரு சத்தம்,
மறு கால் வேறு சத்தம்.
அதை வைத்தே ஆள் வருவதை அறிவோம்.
அதற்குமேல் கேட்டதில்லை.

அரியக்குடி தாண்டி வெளுத்தது.
பால்காரர் வண்டியை நிறுத்தினார்.
"பழனிக்கா? தைக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்கே!"
"பழனிக்கில்லண்ணே."
"அப்ப எந்தக் கோயிலு?"
ஞானப்பிரகாசம் சார் விளக்கினார்.
விசில் ஊதிப் பழகிய தொண்டை,
கண்மாய்க் கொக்குகள் எழும்பின.
பால்காரர் எல்லாம் கேட்டுவிட்டு
"சரி, எதுக்கும் வேண்டிக்கங்க" என்று
அரை லிட்டர் ஊற்றிப் போனார்.
நன்கொடையில் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது?

காரைக்குடியில் இட்லி.
சத்துணவு ராக்கு மட்டும் உட்காரவில்லை,
உட்கார்ந்தால் எழ மாட்டேன் என்று
தூணைப் பிடித்தபடி தின்றது.
அதற்கப்புறம் வெயில்.
செம்மண் ஏறி எல்லார் கால்களும் ஒரே நிறம்.
யாரும் பேசவில்லை.
தலைமையாசிரியர் செருப்பு மட்டும்
பட், பட், பட் என்று
விடுப்பு விண்ணப்பத்தை நிராகரித்துக்கொண்டே வந்தது.

குன்றக்குடி மலையடியில் உமையாள் டீச்சர் நின்றார்.
காலுறையைக் கழற்றினார்.
குதிகாலில் தோலில்லை.
மயில் ஒன்று மதில்மேல் இருந்து பார்த்தது,
தேர்வுக் கண்காணிப்பாளர் மாதிரி.
திருப்பத்தூர் பேருந்து வந்தது.
ஏறினார்.
ஜன்னல் வழியே எங்களைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை முதல் வேலையாக என் மேசைக்கு வந்தார்.
"பதின்மூன்றைக் கழிங்க."
"விடுங்க டீச்சர், யாரு அளந்தா?"
"இருபத்தெட்டுதான் நடந்தேன்.
பதின்மூணு அறுபத்திரண்டு எண்ணூத்தி ஆறு.
கழிங்க."

அடுப்புக்கு ஸ்பிரிட் வாங்கும் சீட்டில்
கையெழுத்துக்காகச் சேவுகமூர்த்தி நின்றிருந்தார்.
ஒரு சத்தம், மறு சத்தம்.
மேசையருகே வந்து நோட்டை வாசித்தார்,
விரல் வைத்து, வரி வரியாக.
நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.
சொல்லவில்லை.

"எங்க டீச்சர் விட்டீங்க?"
"குன்றக்குடியில. பஸ் ஏறிட்டேன்."
"நானும் பாதியில வண்டி ஏறி வந்தவன்தான்" என்றார்.
சிரித்தது முதலில் அவர்.
டீச்சர் சிரிக்கவா என்று என்னைப் பார்த்தார்.
எனக்கு எப்படித் தெரியும்?
பிறகு இருவரும் சிரித்தார்கள்,
மணி அடித்தும்.

சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
ஆய்வகத்துக்குப் போனார்.
ரொக்கப் புத்தகத்தில் எல்லாத் தொகையும் மையில்.
எண்ணூற்றாறு மட்டும்
இன்னும் பென்சிலில் இருக்கிறது.
தணிக்கைக்கு வருபவர் கேட்டால்
என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.