பையில் அடங்குவது

பெனின்சுலா பிளாசா. கண்ணாடிப் பெட்டிக்குள்
பதினோரு காமிராக்கள்.
மூன்று வாரம் மனப்பாடம் செய்த மெகாபிக்சல் கணக்கெல்லாம்
கடைக்கார செங்கின் ஒரே கேள்வியில் உதிர்ந்தது:
"என்ன எடுக்கப் போறே?"

ஈசூன் முதல் பேருந்தின்
வியர்த்த கண்ணாடியை என்றா சொல்வது?
இரவுப்பணி முடிந்து வருகையில்
ஒன்பதாம் மாடிக் கழியில் சொட்டும் சட்டைகளை?
"சும்மா, கத்துக்க."

பெரிய ஜூமை அவரே ஒதுக்கிவைத்தார்.
என் தாதிச் சீருடைப் பையில்
நுழைந்தது ஒன்றுதான்:
மூலையில் கீறல், முந்நூற்றுப் பத்து வெள்ளி.

சோதிக்க ஒருமுறை அழுத்தினேன்.
பாதிப் படம் என் விரல்.
மீதியில், கலங்கலாக,
கால்குலேட்டர் தட்டும் கை.

கார்டு அவருடையது; படம் அங்கேயே தங்கிவிட்டது.
சிட்டி ஹாலில் ரயிலேறும்வரை
காலிக் காமிராவை
இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன்.