மூன்று பல்

மேடும் பள்ளமுமான சாட்ஸ்வர்த்தில்
எங்கள் தெரு மட்டும் சமதரை.
உருட்டிவிட வழியில்லை.

சாவியைத் திருப்பினால்
ஆணியை மெல்வதுபோல் ஒரு கரகரப்பு.
பேட்டரி சரி. பினியன் புதுசு.
ஞாயிறன்று ஸ்டார்ட்டரைக் கழற்றி
ஓட்டைக்குள் விரல் விட்டுத் தடவியதில்
ஃப்ளைவீலில் ஓரிடம்
மூன்று பல் மொழுக்கை.
"எப்போது அணைத்தாலும் எஞ்சின்
அங்கேயே வந்து நிற்கும்" என்றான் படையாச்சி.
கியர்பாக்ஸை இறக்க அவன் கேட்டது
என் சம்பளத்தில் பாதி.

"நம்ம சண்டையும் அப்படித்தான்" என்றாள் கோகி,
நேற்றைய கோபம் ஆறாத குரலில்.
வெள்ளைக் காலணியோடு இறங்கிப்
பின்னால் போய் நின்றாள்.
நாலாம் கியர். ஒரு முழம் தள்ளினாள்.
மறுபடி சாவி.
க்ரெசிடா இருமிற்று, பற்றிக்கொண்டது.

ஆஸ்பத்திரி வாசலில்
ஏதோ சொல்ல வாயெடுத்துப்
போய்விட்டாள்.
பெட்ரோல் முள்ளைப் பார்த்தபடி
அணைக்காமல் நின்றேன்
கொஞ்ச நேரம்.