இந்த வாரத்து வினைச்சொல்

'புட்' என்றால் வை.
'புட் டவுன்' என்றால் கீழே வை:
பெட்டியை, குடையை, அழுகிற பிள்ளையை.
படிவத்தில் பெயர் எழுதுவதும் அதுவேதான்,
ஒருவனை நாலு பேர் முன் மட்டம் தட்டுவதும்.
மூன்று பொருள். ஷிஃப்ட் முடிந்து
மீன் வாடை போகாத விரலால்
ஜார்ஜிய எழுத்தில் குறித்துக்கொண்டேன்.

வியாழன் காலை, கிரிம்ஸ்பியில் வழக்கமான தூறல்.
பக்கத்து வீட்டு மிஸஸ் தக்வெல்
வேலியருகே வெறும் கயிற்றோடு நின்றாள்.
நாய் எங்கே என்றேன்.
வீ புட் ஹிம் டவுன், என்றாள்.

நல்லது, எத்தனை நேரம்தான் தூக்கிச் சுமப்பீர்கள்,
கிழவன் கொஞ்சம் நடக்கட்டும் என்றேன்,
இலக்கணம் பிசகாமல்.

அவள் என்னைப் பார்த்தாள்.
சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றது.
பிறகு, ஊசி போடுவதுபோல்,
தன் முன்கையில் இரண்டு விரலை வைத்து அழுத்தினாள்.

இரவு நோட்டில் 4 என்று போட்டேன்.
எங்கள் மொழியில் இதற்கு என்ன சொல்வோம்?
சுராப் மாமாவின் குதிரையை அன்று என்ன செய்தோம்?
துப்பாக்கி ஞாபகம் இருக்கிறது.
வினைச்சொல் இல்லை.

4-க்கு எதிரே ஒன்றும் எழுதாமல்
பேனாவைக் கீழே வைத்தேன்,
முதல் பொருளில்.