கொய்யா இலை

முதல் மிடறு தந்தது கழகம்.
வளர்பிறைக்காரரை எட்டு ஓட்டத்தால வெண்ட அண்டைக்கு
மட்டை பிடிச்ச கையால மூடியைத் திருகி
"ஆம்பிளை எண்டால் அடி" எண்டான் கப்டன்.
அடிச்சன்.
தொண்டை எரிஞ்சு கண்ணால தண்ணி வந்தது.
எல்லாரும் கை தட்டினாங்கள்.
பதினஞ்சு வயசு மட்டும் எனக்கு
ஒருத்தரும் கை தட்டினதில்லை.

அதுக்குப் பிறகு என்ரை நடையை
ஒழுங்கையில ஆரும் நடிச்சுக் காட்டேல்லை.
"உவன் இப்பவே வெறிக்குட்டி" எண்டிச்சினம்.
மற்றப் பேரை விட அது சுகமான பேர்.
வெறிகாரனுக்கு இந்த ஊரில பொம்பிளை குடுப்பினம்.
மற்றதுக்குப் படலையைக் காட்டுவினம்.

இரசாயன ரியூசனுக்கு மாசம் ஆயிரத்து எண்ணூறு.
போகாமல் விட்டால் ரண்டு கால் போத்தல்,
மிச்சத்துக்குக் கச்சான்.
பரீட்சைக்கு எனக்குப் பாடமாய் வரும் ஒரே சமன்பாடு
எதனோலின்ரை.

ஆக்கள் இல்லாத வீட்டில
பாதிப் போத்தல் இறங்கினால்
தோள் ரண்டும் தன்பாட்டில தளரும்.
குரலில நான் கட்டி வைச்ச கல்லு அவிழும்.
அக்காவின்ரை ஒட்டுப்பொட்டை வைச்சு
போன் கமராவில பத்து நிமிசம் பாப்பன்.
பேந்து பொட்டைக் கழட்டி
போத்தலின்ரை நெத்தியில ஒட்டுவன்.
பொட்டு வைச்ச சாராயப் போத்தல்
மேசையில நிமிந்து நிக்கும்.
அதை ஆர் ஏசப் போகினம்.

அம்மா வர முதல் கொய்யா இலை, நாலு அஞ்சு.
சப்பிச் சப்பித்
தாழ்ந்த கொப்பெல்லாம் மொட்டையாய்ப் போச்சு.
மயிர்க்கொட்டி தின்னுது எண்டு
அம்மா மருந்து வாங்கி அடிச்சவ.
அண்டையில இருந்து நான்
இலையைக் கழுவித்தான் சப்பிறனான்.

பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள்
மது ஒழிப்புக் கண்காட்சி வந்தது.
அழுகின ஈரல், நொருங்கின மோட்டார் சைக்கிள்,
கிழிஞ்ச சீலையோட ஒரு மனிசி, ரண்டு பிள்ளையள்.
எல்லாப் படத்திலயும் ஒரு தகப்பன்.
என்னைப் போல ஒண்டும் இல்லை.
"ஏன் குடிக்கிறியள்? பேர் போடாமல் எழுதுங்கோ"
எண்டு தாள் தந்தவை.
நான் எழுதினன்:
பேர் போட ஏலாததால.

காக்கைதீவுக் கரை. வெள்ளி இரவு.
கடல் வத்திச் சேறு மணக்குது.
றொக்சனுக்குச் சொல்லிப்போட்டன்.
பிறப்புப் பத்திரத்தில கிடக்கிற கீர்த்தரூபன் நானில்லை,
என்ரை பேர் இது எண்டு.
அவன் கொஞ்ச நேரம் கடலைப் பாத்தான்.
"உனக்கு வெறி."
ஓம் எண்டன்.
சாராயம் எனக்குச் செய்த பெரிய உதவி அதுதான்:
சொல்லவும் விட்டது,
சொன்னதை அழிக்கவும் விட்டது.
பிறகு சத்தி எடுத்தன்.
அவன் என்ரை நெத்தியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன்,
ஒண்டும் கதைக்கேல்லை.

மூண்டு கிழமை போச்சு.
ஆனைக்கோட்டைச் சந்தி, காலமை பதினொரு மணி வெயில்.
என்ரை சைக்கிள் செயின் கழண்டு போச்சு.
றொக்சன் குந்தியிருந்து கொழுவிறான்.
கை முழுக்கக் கிரீஸ். நிமிரேல்லை.
"அண்டைக்கு ஒரு பேர் சொன்னனீயெல்லோ.
என்னது அது?"

வெறியில சொன்னது எண்டு சொல்ல வாயெடுத்தன்.
ஒளிய வெறி இருக்கேல்லை.
வாயில இலையும் இல்லை.
பெடல் தன்பாட்டில சுத்துது.
சொன்னன்.

அந்த நேரம் பாத்துக்
காரைநகர் பஸ் கோன் அடிச்சுக்கொண்டு போச்சு.
"கேக்கேல்லை" எண்டான். "திருப்பிச் சொல்லு."

அண்டு பின்னேரமும் நான் குடிச்சனான்.
பொய் சொல்லேல்லை, குடிச்சனான்.
ஆனால் அந்த ரண்டாம் தரம் சொன்னது
பச்சைத் தண்ணி குடிச்ச வாயால.