கசடுக்குச் சோறு

பீர் ஆலையிலிருந்து லாரியில் வந்தீர்கள்,
இருபத்தாறு டன்.
கடுகளவும் மிளகளவுமாய்க் கறுத்த உருண்டைகள்.
மால்ட் கழுவிய இனிப்பு நீர்தான்
அதுவரை உங்கள் சாப்பாடு.

இங்கே, ஹான் ஆற்றுக்கு மேலே,
ஷான்சி மலையடியில்
நாங்கள் தருவது வேறு.
மஞ்சள் இஞ்சி என்று பெயர்; இஞ்சியல்ல,
ஒருவகை வள்ளிக்கிழங்கு.
அரைத்து, கந்தக அமிலத்தில் வேகவைத்து,
நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ வெள்ளைப் பொடி
எடுத்தபின் மிஞ்சும் நீர்.
கருப்பட்டிப் பாகின் நிறம். வாசனை பாகல்ல.
சோதனைக்குழாயின் ஆரஞ்சுக் கரைசலில் விட்டால்
கண்மூடித் திறப்பதற்குள் பச்சை:
அளக்க முடியாது என்று அர்த்தம்.
ஊர்ச் சாக்கடை இதன் பக்கத்தில்
இளநீர்.

பொடி ரயிலேறிப் போகும்.
எங்கோ ஒருவருக்கு மூட்டு வீக்கம் வடியும்.
எங்கோ ஒருத்தி மாத்திரை அட்டையில்
கிழமை பார்த்து அழுத்துவாள்.
நீர் எங்களோடு.

முதல் வாரமே மேலாளர் ஃபாங்குக்கு அவசரம்.
அறுவடைக் காலம், வாசலில் டிராக்டர் வரிசை.
"முழுசாத் திற" என்றார்.
திறந்தேன். என் கைதான்.
மூன்றாம் நாள் மிதந்தீர்கள்
அழுகிய முட்டை நாற்றத்தில்.
லிட்மஸ் தாள் சிவந்து போயிற்று.
செத்துடுச்சு, வேற வாங்கலாம் என்றான்
பகல் ஷிஃப்ட் லூ பெங்சாய்.

பாதிதான் செத்தது.
மீதிக்குக் குளிர்காலம் முழுக்க
காய்ச்சல்காரருக்குக் கஞ்சி கொடுப்பதுபோல் கொடுத்தேன்.
ஒரு பங்கு கழிவு, பதினைந்து பங்கு தண்ணீர்,
ஒரு அகப்பை சுண்ணாம்பு.
பனி பெய்த இரவுகளில்
குழாய்களைச் சுற்றி வைக்கோல் கட்டினேன்.
எனக்கு நீ ஒரு நாளும்
மணி பார்த்துச் சோறு போட்டதில்லையே
என்றார் வீட்டுக்காரர்.
பதில் சொல்லவில்லை; உண்மைதானே.

பதினைந்து பத்தாயிற்று. பத்து ஆறாயிற்று.

பிப்ரவரியில் ஒரு விடிகாலை
வாயு மீட்டரின் கடைசி இலக்கம்
அசைந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்,
மறுபடி அசைந்தது.
தீக்குச்சி கிழித்தேன்.
நுனியில் ஆரஞ்சு, அடியில் நீலம்.
அதில் நூடுல்ஸ் வேகவைத்துத் தின்றேன்,
யாரையும் எழுப்பாமல்.

வெளியேறும் நீர் இன்னும் டிகாக்‌ஷன் நிறம்தான்.
அதற்கு அடுத்த தொட்டி வேண்டும்.
அடுத்த தொட்டிக்குக் குழி மட்டும் தோண்டியிருக்கிறார்கள்.
ஆறோ இங்கிருந்து கால்வாய் ஏறி
வடக்கே தலைநகரின் குழாய்வரை போகிறதாம்.

ஃபாங் நாளை வருவார்.
இன்றைக்கு நாலு பங்கு.
மெதுவாகச் சாப்பிடுங்கள்.
வால்வு என்னிடம்தான் இருக்கிறது.