விலை சொல்கிறவன்

மரத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன்.
முதலில் வேலிக்கதவின் அகலம்:
முப்பத்தாறு அங்குலம் இருந்தால் சின்ன இயந்திரம் நுழையும்,
இல்லையென்றால் ஆட்கள் சுமக்க வேண்டும்,
ஆளுக்கு மணிக்கு இருபத்தெட்டு டாலர்.
பிறகு மின்கம்பி. பக்கத்து வீட்டின் கண்ணாடி அறை.
புல்லுக்கடியில் கழிவுநீர்த் தொட்டி எங்கே என்று
வீட்டுக்காரர்களுக்குத் தெரிவதே இல்லை.
அதற்கப்புறம் அண்ணாந்து பார்ப்பேன்.
அப்போது அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள்,
எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த
டாக்டரைப் பார்ப்பதுபோல.

சீடர் ராப்பிட்ஸ். ஜோலீன் கொபெக்கியின் வீடு.
பின்முற்றத்தில் ஆஷ் மரம், எழுபது அடி.
பட்டைக்கடியில் பச்சை வண்டின் புழுக்கள்
கோணல் கையெழுத்தில் எழுதி முடித்துவிட்டுப் போயிருந்தன.
ஜூன் மாதம். ஒரு இலை இல்லை.

"மூவாயிரத்து நானூறு" என்றேன்.

சிரித்தாள்.
"நாலு வருஷம் முன்னால் வந்ததும் நீதான்.
ஆயிரத்து நூற்றைம்பது சொன்னாய்."

வண்டிக்குப் போய்ப் பழைய நோட்டைப் புரட்டினேன்.
காபிக் கறைக்குக் கீழே என் எழுத்துதான்:
கொபெக்கி, ஆஷ், 1150,
உச்சி லேசாகக் காய்கிறது, யோசித்துச் சொல்வார்.

எப்படி விளக்குவது.
உயிருள்ள மரம் ஆளைத் தாங்கும்,
டெவன் கயிறு போட்டு ஏறிவிடுவான்.
செத்த ஆஷ் பிஸ்கட்.
பிடித்த கிளை கையோடு வரும்.
அதனால் கிரேன். கிரேன்காரன் எனக்கு மச்சான் இல்லை,
கிளம்பிய நிமிஷத்திலிருந்து அவனுக்கு மீட்டர் ஓடும்.
இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்:
யானைக்குச் சரி.
மரம் இறந்தால் மூவாயிரம்,
எடுத்து வைக்க வேண்டியவர் சொந்தக்காரர்.

"அந்த வருஷம் ஈத்தனுக்குப் பல்லில் கம்பி போட்டோம்"
என்றாள்.
சமையலறை ஜன்னலுக்குள் அந்தப் பையன்
வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான்.

பேரம் தொடங்கியது.
அடிக்கட்டையைத் தோண்ட வேண்டாம்: இருநூற்றெண்பது குறைந்தது.
விறகை ஏற்றிப் போக வேண்டாம்: நானூறு.
வேலியில் மூன்று பலகையை அவளே கழற்றுவாள்,
குப்பையை அவளே வாருவாள்,
பையன் சனிக்கிழமை சும்மாதான் கிடக்கிறான்.
ஒவ்வொன்றாகப் பென்சிலால் அடித்தேன்.
இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்.
தன்னிடம் எவ்வளவு என்று அவள் சொல்லவில்லை.
ஆயிரத்து எண்ணூறு.
இந்தத் தொழிலில் மூச்சு இழுப்பது காதில் விழும்.

மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தாள்.
"விழுந்தால் எதுவரை வரும்?"
"சமையலறை வரை."
"பன்னிரண்டு அடி மட்டும் நின்றால்?"
"புல்மேல் விழும்."
"அப்போது அதை விட்டுவிடு.
வீட்டைத் தொடுகிற மரத்துக்கு மட்டும் காசு தருகிறேன்."

இருபத்துமூன்று வருஷத்தில் யாரும் எனக்கு
இப்படி மரத்தைப் பங்கு பிரித்துக் கொடுத்ததில்லை.

வியாழக்கிழமை கிரேன் வந்தது.
உச்சி முழுசாக, கிளைகளோடு,
வேர் விட்ட இடத்தை மறந்ததுபோல
கூரைக்கு மேல் மெல்ல நகர்ந்தது.
ஒரு பழைய காக்கைக்கூடும் கூடவே போனது.
ஈத்தன் கழுத்தை வளைத்து, வாய் பிளந்து பார்த்தான்.
பற்கள் அத்தனையும் வரிசையாக,
ஒன்றுகூடக் கோணலில்லை.

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு
மொட்டையாய் நின்றதைக் காட்டிக் கேட்டாள்:
"இது எத்தனை நாள் நிற்கும்?"
"ஐந்து வருஷம். ஆறு."
"அதற்கும் இப்போதே விலை எழுதிக் கொடு."

நானூற்றைம்பது என்று எழுதினேன்.
தேதி போடச் சொன்னாள்.
போட்டேன்.
கையெழுத்து, என்றாள்.