செவ்வரத்தை அல்ல

உப்புவெளிச் சந்தியில் லொறியை மறித்துப் போட்டு
பேராதனைக் கன்று, பேராதனைக் கன்று என்று கூவியவன்
முன்னூற்றைம்பது ரூபாய்க்குத் தந்தது இது.
கழுத்தில் தொங்கிய அட்டையில் தமிழில் 'செவரத்தை'.
ஒரு எழுத்து குறைவு, அதை மன்னிக்கலாம்.
கீழே சிங்களத்தில் 'அரலிய' என்று வாசித்தாள் றிஸ்மியா.
ஒரே கழுத்தில் இரண்டு செடி.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் என் வேலையே அதுதான்:
பெயர் பிழைத்த குழாயை வாங்கமாட்டேன்.
துண்டில் ஒரு கட்டில், குழாயில் இன்னொரு கட்டில் என்றால்
சூடு ஆறுமுன்னே இரத்தம் வாட்டுக்குத் திரும்பிப் போகும்.
தாதிமார் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரும் தெரியும்.
பிறகு இதை எப்படி வாங்கினேன்?
பஸ் வந்துவிட்டது. அதுதான்.

ஆறே முக்காலுக்கு நான் வெளிக்கிடும்போது
மொட்டு, இறுக்கிச் சுருட்டிய குடைபோல.
நாலரைக்குத் திரும்பினால்
அதே குடை, மழையில் நனைந்து மடக்கினது மாதிரி.
பதினொரு நாள்.
பூத்து முடிந்தது மட்டும் இருக்கிறது,
பூத்தது இல்லை.

'நாள் தவறாமல் மஞ்சளாய்ப் பூக்குது பிள்ளை'
என்கிறார் முன்வீட்டுச் செபமாலை அண்ணர்.
அவர் கண்ணில் வெள்ளை படர்ந்து மூன்று வருஷம்.
அந்தச் சாட்சியை நான் எழுதிக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை கேற்றைச் சாத்த மறந்துபோனேன்.
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று,
பஸ் நிலையம் வரை உலாவித் திரியுமே, அதில் ஒன்று,
உள்ளே வந்து றோசாவை மொட்டையடித்து
துளசியை மணந்து பார்த்து விட்டுவிட்டு
இதன் அட்டையை மென்றுகொண்டு நின்றது.
நூலோடு, இரண்டு மொழியோடும்.
செடியில் ஓர் இலை குறையவில்லை.

ஆய்வுகூடத்து ஒட்டுச்சீட்டொன்றைத் தொட்டியில் ஒட்டினேன்.
திகதி போட்டேன். நேரம் போட்டேன்.
பெயர் என்ற கோட்டில் பேனை நின்றது.
'இனந்தெரியாத' என்று எழுதலாம்,
சொல்லுக்குச் சொல் சரியான தமிழ்.
ஆனால் எத்தனை வருஷப் பத்திரிகையில்
வந்தவனுக்கும் அதே சொல்
கரையில் கிடந்தவனுக்கும் அதே சொல்.
ஒரு செடிக்கு அதை வைக்கக் கை வரவில்லை.
கோட்டை வெறுமையாய் விட்டேன்.

போயா லீவு.
தேத்தண்ணியோடு படியில் குந்தினேன். எட்டு மணி, ஒன்றுமில்லை.
உடுப்புக் காயப்போட்டுத் திரும்பினால்
எட்டு நாற்பதுக்கு விரிந்து நிற்கிறது:
ஐந்து இதழ், மஞ்சள்.
செபமாலை அண்ணர் சரி. அட்டைதான் பொய்.
செவ்வரத்தைக்குள்ள நீட்டு நாக்கு இதற்கு இல்லை.

கண்ணாடியைக் கழற்றிக் கிட்டப் பார்த்தேன்.
பூக்காம்பு தண்டில் நிற்கவில்லை,
இலைக்காம்போடு ஒட்டிப் பிறந்திருக்கிறது,
இலைதான் பூத்ததென்று ஏமாறலாம்.
இலை தொடங்கும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாய்,
குண்டூசித் தலையளவில் இரண்டு கிண்ணம்.
கிண்ணத்துக்குள் தலையைக் கவிழ்த்து எறும்பு குடிக்கிறது.
பன்னிரண்டு பத்துக்குக் குடை மடிந்தது.
நான் இன்னும் சமைக்கவில்லை.

கிண்ணியா விவசாயக் கந்தோரில் இருக்கும் பைறூசுக்குப் படம் அனுப்பினேன்.
'எறும்புக் கிண்ணம் இருந்தா டர்னெரா.
வேலியோரம் சும்மா முளைக்கிற சாமான்.
முன்னூற்றைம்பதா குடுத்தீங்க?'

அடுத்த மாதம் அதே சந்தி, அதே லொறி.
நான் கேட்டதற்குக் கூச்சமில்லாமல் சிரித்தான்.
'எனக்கும் தெரியாது மிஸ்.
சனம் எதைக் கேக்குதோ அதை எழுதிறது.'
சொல்லிக்கொண்டே ஒரு கன்றைத் தூக்கி நீட்டினான்.
அட்டையில் மல்லிகை.
இலையைத் திருப்பிப் பார்த்தேன், காம்பைப் பார்த்தேன்.
சத்தியமாய் மல்லிகை இல்லை.
பஸ் வந்தது. போகவிட்டேன்.
எவ்வளவு என்று கேட்டேன்.